கவர் எடை

முப்பது கிலோ தராசு, எலெக்ட்ரானிக்,
கம்ப்ளெய்ன்ட் எதுவும் இல்லை,
கடை மூடியதால் விற்பனைக்கு என்று
நாலு போட்டோவோடு போட்ட ராத்திரியே
பட்டாளத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.
பேரம் பேசவில்லை. அங்கேயே எனக்கு இடித்தது.
ஒரு கட்டம் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க,
பணம் வந்து விழும் என்றார்.
போன வருடம் தக்காளிப் பெட்டிகளை விற்றபோது
இதே மாதிரிக் கட்டத்துக்குள்
ஆயிரத்து எண்ணூற்றைம்பதை
நானே ரகசிய எண் போட்டு
அனுப்பி வைத்திருக்கிறேன்.
வாங்குகிறவனுக்கு எதற்கு என் ரகசிய எண்
என்று கேட்கத் தெரிய
அவ்வளவு செலவானது.

அடுத்தவர் செக் தருவார்.
அதற்கடுத்தவர் பாதி இப்போது, மீதி மாசி கழித்து.
நெம்மாறாவிலிருந்து ஒருவர்
பணத்துக்குப் பதில் நேந்திரன் தார் தருகிறேன் என்றார்.
நேந்திரன் வாங்கி விற்றுத்தானே ஐயா
கடையை மூடினேன்.

சாந்தாமணி இரண்டு வார்த்தையில் முடித்தாள்:
"நோட்டு. எண்ணிட்டுக் குடுங்க."

வேலந்தாவளம் பாலத்துக்கு அந்தப் பக்கம்
டீக்கடை பெஞ்சில் ரம்லத் காத்திருந்தார்.
கொழிஞ்சாம்பாறையில் சிப்ஸ் போடுகிறார்.
பையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரையை எடுத்து
தட்டில் வைத்தார்.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்று.
"கவரோட எடைங்க" என்றேன்.
சூடேறினால் பத்து கிராம் கூட்டிக் காட்டும் என்பது
எனக்கும் தராசுக்கும் தெரியும்,
என் பழைய வாடிக்கைக்காரர் சிலருக்கும் இருக்கலாம்.

நோட்டாக ஆயிரத்து நானூறு இருந்தது.
மீதி இரண்டாயிரம் போனில் என்றார்.
சாந்தாமணி பக்கத்தில் இல்லை.
சரி என்றேன்.

வட்டம் சுற்றியது.
தமிழ்நாடு வரவேற்றது, கேரளம் வரவேற்றது,
மறுபடி தமிழ்நாடு;
உட்கார்ந்த இடத்திலேயே ஏழு முறை எல்லை தாண்டினோம்.
"அண்ணா, பைசா போயல்லோ."
எனக்கு வரவில்லை.
அவர் போனை அவர் காட்டினார்,
என் போனை நான் காட்டினேன்.
இரண்டும் உண்மை.

பெட்டி திடீரென்று கணீர்க் குரலில்
பன்னிரண்டு ரூபாய் வந்ததாகச் சொன்னது.
இருவரும் சேர்ந்து திரும்பினோம்.
வேறு யாருடைய டீயோ.

சும்மா இருக்க முடியாமல்
என் போனைத் தட்டில் வைத்தேன்:
நூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம்.
அவர் தன்னுடையதை வைத்தார்: நூற்றெண்பது.
இரண்டாயிரம் எதிலும் இல்லை.

மூன்று வேலை நாள் என்றது வங்கி.
கொழிஞ்சாம்பாறை பஸ் இரண்டு போய்விட்டது.
நோட்டைத் திருப்பிக் கொடுத்துத்
தராசை வண்டியில் கட்டலாம்.
பணம் அப்புறமாக என்னிடம் வந்து சேர்ந்தால்
தருவேன் என்று அவர் எதை வைத்து நம்புவார்?
தராசைக் கொடுத்தனுப்பலாம்.
பணம் அவரிடமே திரும்பிவிட்டால்
சொல்வார் என்று நான்
எதை வைத்து?

தராசைக் கொடுத்தேன்.
அடாப்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பேட்டரி மூன்று நாள் தாங்கும்,
நானும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
அவர் சிரித்துக்கொண்டே
சர்க்கரையை மறக்காமல் எடுத்துப் போனார்.

சாந்தாமணி அடாப்டரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இட்லிச் சட்டியைக் கொஞ்சம் சத்தமாக இறக்கினாள்.

நாலாம் நாள் காலை ஏழரை.
"அண்ணா, பைசா எனிக்குத் திரிச்சு வந்நு.
இனி எப்படி அயக்கணும்?"
பின்னால் எண்ணெய் சீறியது.
"உங்களுக்கு எது தோதோ அப்படிங்க.
ஆயிரத்து எண்ணூறு போதும்."
"எரநூறு எந்தினா குறைக்குந்நது?"
"கவர் எடைக்கு."

கொஞ்ச நேரம் எண்ணெய் மட்டும் பேசியது.
"அது எனிக்கு அன்னே மனசிலாயி" என்றார்.
"வரும்போ அடாப்டர் மறக்கண்டா."